மறு: மறு: விங்டு கீல் – சிறகேராவா, இறக்கை அடிக்கட்டையா?

அன்பர்களுக்கு,

மாணவர்க்கான கப்பல் பொறியியல் நூலில் ஓர் இயல் 'ஆஸ்திரேலியா 2' பற்றியது. பென் லெக்சன் வடிவமைத்த பந்தயப் பாய்மரப்படகு. 1983 செப்டம்பர் 26 அன்று அமெரிக்காவின் நியூபோர்ட்டில் அந்நாட்டுப் படகு 'லிபர்ட்டி'யை 4–3 என வென்று, 132 ஆண்டாக அமெரிக்கர் கையை விட்டு நகராத அமெரிக்கக் கோப்பையைக் கொண்டுபோனது. அதன் விங்டு கீலுக்கு (winged keel – படகுக்கு அடியில் தொங்கும், கீழ்முனையில் இறக்கை வைத்த கனமான தகடு) தமிழ் வேண்டும். 'இறக்கை வைத்த அடிக்கட்டை' என்று போட்டிருக்கிறேன். படத்தில் அம்புக்குறிக்குப் பக்கத்தில் இடம் கொள்ளவில்லை. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது.

———

கப்பலின் அடிமரத்துக்கு ஏரா என்ற சொல் அகராதியிலேயே இருக்க, அடிக்கட்டை எதற்கு? சிறகு + ஏரா = சிறகேரா. குற்றியலுகரம் மெய்விட்டோடும், நாலே எழுத்து. ஏர் நிலத்தை உழுவதுபோல் நீரை உழுவதால் ஏரா என்பது என் துணிபு.

———

> நீரை உழுவதால் ஏரா

உழுவதற்குச் சான்று எங்கே ஐயா? அகநானூறு 255இல் வங்கம் (கப்பல்) பெருங்கடல் நீரைப் 'போழ'த்தான், அதாவது பிளக்கத்தான், செய்கிறது. அந்த வழியில் போனால் 'போழ்வை' என்றல்லவா ஆக்கவேண்டும்?

இன்னொன்று. அது 'அமெரிக்கக் கோப்பை' அல்ல, 'அமெரிக்கா கோப்பை'. 1851இல் இங்கிலாந்தின் வைட் தீவைச் சுற்றிய பந்தயத்தில் வென்ற ஸ்கூனர் வகைப் பாய்மரக்கலத்தின் பெயர் 'அமெரிக்கா'. கோப்பைக்குப் பெயர் கொடுத்தது படகு, நாடு அல்ல.

———

போழ்வை வேண்டாம். பேச வராது.

———

சொல்லுக்கு முன் பொருளைப் பார்ப்போம். ஏரா என்பது மரக்கப்பலின் முதுகெலும்பு. முன்முனையிலிருந்து பின்முனை வரை ஓடும் கட்டை, வங்குகள் (கப்பலின் விலா எலும்பு போன்ற சட்டங்கள்) அதில் நிற்கும். பந்தயப்படகில் கீல் என்பது உடலுக்குக் கீழே மீன் துடுப்புப் போலத் தொங்கும் ஈயத் தகடு. வேலையே வேறு.

காற்று தள்ளுவதால் படகு சில பாகை பக்கவாட்டில் நழுவிக்கொண்டே முன்னேறும். நீர் கீலில் சாய்வாக மோதும். காற்றுப் போகும் பக்கத்தில் அழுத்தம் கூடி, காற்று வரும் பக்கத்தில் குறையும். அழுத்தம் கூடிய நீர் கீழ்விளிம்பைச் சுற்றி மறுபக்கம் புகுந்து சுழலாகும்; அந்தச் சுழல் வேகத்தைத் தின்னும். கீழ்முனையில் இருபுறமும் வைத்த இறக்கைகள் அந்த வழியை அடைக்கின்றன. படகு சாயும்போது கீலின் ஆழம் குறைகிறதல்லவா, அப்போது காற்றுப் போகும் பக்கத்து இறக்கை கீழே இறங்கி ஈடுகட்டும். இறக்கையே ஈயமென்பதால் எடையும் அடியில் போய்ச் சேரும். விலை: நனையும் பரப்பு கூடி, மெல்லிய காற்றில் உராய்வு உறைக்கும்.

கீலையே இன்னும் ஆழமாக்கலாமே என்று மாணவர் கேட்பார். விதி விடாது; இது '12 மீட்டர் வகை'ப் படகு. நீர்க்கோட்டு நீளம், உடல் வளைவை ஒட்டி அளந்த சுற்றளவுக்கும் நூலை இழுத்துப் பிடித்து அளந்த சுற்றளவுக்கும் உள்ள வேறுபாட்டின் இருமடங்கு, பாய்ப்பரப்பின் வர்க்கமூலம் மூன்றையும் கூட்டி, நீருக்கு மேலுள்ள பக்க உயரத்தைக் கழித்து, 2.37ஆல் வகுத்தால் 12 மீட்டரைத் தாண்டக்கூடாது. ஆழத்துக்குத் தனி வரம்பும் உண்டு. உங்கள் வரைவில் '12 மீட்டர் நீளப் படகு' என்றிருக்கிறது. தவறு. அதன் நீளம் ஏறக்குறைய 19 மீட்டர். 12 என்பது வகுத்து வந்த விடை.

கீலை மறைத்துக் கட்டிய துணியைப் 'பாவாடை' என்று எழுதியிருக்கிறீர்கள். திரை போதும்.

———

இவ்வளவு சண்டை எதற்கு? கீல் என்றே எழுதலாம். பிள்ளைகளுக்குப் புரிந்தால் சரி.

———

> கீல் என்றே எழுதலாம்

கீல் தமிழில் ஏற்கெனவே குடியிருக்கிறது. மரக்கலத்தின் இடுக்கில் பூசும் தாரும் கீல், கதவைத் தாங்குவதும் கீல், முட்டி வலித்தால் கீல்வாதம். 'சிறகுக்கீல்' என்றால் சிறகு மடங்கும் என்றுதான் பிள்ளை நினைக்கும். மடங்காது, இறுகப் பிடித்தது. மடங்குவது கீலின் பின்விளிம்பில் இருக்கும் சிறு மடல். அதை எப்படி எழுதுவீர்கள், 'கீலில் கீல் வைத்த மடல்' என்றா?

———

சிறகு இறகையும் குறிக்கும். விமானத்துக்கு இறக்கை என்றே பழகிவிட்டது, ஆகவே இறக்கையேரா. எடையைக் கீழே 'இறக்கும் கை' என்ற பொருளும் கிடைக்கிறது!

———

அந்தக் கடைசி வரியை அச்சில் போடாதீர்கள்.

———

அன்பர்களுக்கு நன்றி. எண்ணிப் பார்த்தேன்: சிறகேரா நான்கு, இறக்கையேரா இரண்டு, கீல் ஒன்று. படத்தில் சிறகேரா, இயலில் முதலில் வருமிடத்தில் 'சிறகு பொருத்திய ஏரா' என்று விரித்துவிடுகிறேன். 12 மீட்டரைத் திருத்தியாயிற்று. பாவாடையையும்.

———

ஏரா பொருந்தாது என்ற என் மறுப்பு அப்படியே நிற்கிறது. அடுத்த இயல் 2013 கோப்பை. அங்கே படகு நீருக்கடியில் உள்ள சிறகுத் தகடுகளில் ஏறி, உடல் நீரைத் தொடாமல் பறக்கும். சிறகு இருக்கும், ஏரா இருக்காது. அதற்கு என்ன பெயர் என்று இப்போதே யோசியுங்கள். அது இரட்டை உடல் படகு. ஆங்கிலத்தில் கேட்டமரன் என்கிறார்களே என்று 'கட்டுமரம்' என எழுதிவிட வேண்டாம்.