என் பாட்டை 18,000 ரூபாய்க்கு மொத்தமாகக் கேட்கிறார்கள், கொடுத்துவிடலாமா?

அரவேணு பையன்:

வணக்கம். ஆறு வருஷமாகத் தமிழில் ராப் எழுதிப் பாடுகிறேன். வயது 25. பகலில் கோத்தகிரியில் ஒரு செல்போன் கடையில் உடைந்த டிஸ்பிளே மாற்றும் வேலை, சம்பளம் 12,000. யூடியூபில் 14 பாட்டு போட்டிருக்கிறேன், எதிலும் முகம் காட்டியதில்லை, கடை முதலாளிக்கே தெரியாது. பதிமூன்று பாட்டை ஆயிரம் பேர்கூடப் பார்க்கவில்லை. 'லயம்' (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளை அப்படித்தான் சொல்வோம்) என்ற ஒன்றை மட்டும் எப்படியோ 41,000 பேர் பார்த்துவிட்டார்கள். அது என் அப்பாயி கதை. கண்டிப் பக்கம் பிறந்து, இந்தியாவும் இலங்கையும் 1964இல் போட்ட சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டு, தலைமன்னாரில் கப்பல் ஏறி, மண்டபம் முகாமில் கிடந்து, அப்புறம் டேன்டீ என்கிற அரசுத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்து ஓய்வு பெறும் வரை கொழுந்து பறித்தவர்.

ரெக்கார்டிங் எல்லாம் வீட்டில்தான். தகரக் கூரை, அதனால் ஐப்பசி கார்த்திகையில் மழை விட்ட இரவாகப் பார்த்துத்தான் பாட முடியும். கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு மைக்கை உள்ளே வைத்துப் பாடுவேன், எதிரொலி வராது, ஆனால் நாலு வரி முடிவதற்குள் மூச்சு முட்டிவிடும். போன வருஷம் ஈரம் ஏறி மைக் கரகரவென்று பொரிய ஆரம்பித்தது. இப்போது கடைக்கு வரும் போன் பெட்டிகளில் கிடக்கும் சிலிகா பொட்டலங்களைச் சேர்த்து, மைக்கோடு ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு மூடி வைக்கிறேன்.

விஷயம் இதுதான். சென்னையிலிருந்து ஒரு கம்பெனிக்காரர் பேசினார். 'லயம்' பாட்டுக்கு ஒரே தடவையாக 18,000. உலகம் முழுக்க, எல்லா ஊடகத்திலும், என்றென்றைக்கும் அவர்களுடையது என்று கையெழுத்து. மறுபடி பாடித் தரவேண்டும், அப்போது கொழுந்து, பெரட்டு (காலையில் ஆள் கணக்கெடுப்பது), லயம் இதையெல்லாம் எடுத்துவிட்டு சென்னைப் பேச்சில் எழுதச் சொல்கிறார், மலைப் பேச்சு யாருக்கும் புரியாதாம். அங்கேயே வந்து தங்கினால் அடுத்தடுத்து வாய்ப்பு வருமாம். அப்பா கூரை மாற்ற வேண்டும் என்று தினமும் சொல்கிறார். கொடுக்கலாமா? இன்னொன்றும் கேட்கிறேன், சிரிக்காதீர்கள்: மலையிலேயே இருந்துகொண்டு அண்டர்கிரவுண்டாக, பெரிய கம்பெனி எதிலும் சேராமல், ராப் செய்வதை ஒரு பிழைப்பு என்று சொல்ல முடியுமா?

குன்னூர் ரெண்டாம் ஷிஃப்ட்:

வாங்கிக்கொள் ப்ரோ. 41,000 பார்வையில் ஒரு டீ கூடக் குடிக்க முடியாது. யூடியூபில் விளம்பரக் காசு வேண்டுமானால் 1,000 சந்தாதாரரும் வருஷத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும், ஸ்பாட்டிஃபை 2024 முதல் வருஷத்துக்கு ஆயிரம் தடவை ஓடாத பாட்டுக்குச் சல்லிக்காசு தருவதில்லை. கூரை ஒழுகுவது நிஜம். பாட்டு இன்னொன்று எழுதலாம்.

ஊட்டி சவுண்ட் சர்வீஸ்:

தம்பி, நான் கல்யாணத்துக்கும் கோயில் நோன்பிக்கும் ஸ்பீக்கர் கட்டுகிறவன், வக்கீல் இல்லை. ஆனால் பத்து வருஷம் முன்னால் ஒரு பக்திப் பாட்டு ஆல்பத்துக்கு மெட்டுப் போட்டுக் கொடுத்துவிட்டு இதே மாதிரி ஒரு தாளில் கையெழுத்துப் போட்டேன், அதனால் படித்துத் தெரிந்துகொண்டது கொஞ்சம் உண்டு.

ஒரு பாட்டு என்பது ஒரு சொத்து இல்லை. நீ எழுதிய வரிகள் ஒன்று, இசை ஒன்று, பதிவான ஒலி ஒன்று. மூன்றையும் தனித்தனியாகக் கொடுக்கலாம், தனித்தனியாக வைத்துக்கொள்ளலாம். அவர்கள் தாளில் 'பாடல்' என்று மொத்தமாகப் போட்டிருப்பார்கள். பதிப்புரிமைச் சட்டத்தை 2012இல் திருத்தியபோது பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் ஒரு பாதுகாப்பு வந்தது: ராயல்டியில் உனக்கு வரவேண்டிய பங்கை நீயே விட்டுக்கொடுத்தாலும் செல்லாது, வாரிசுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ மட்டும்தான் மாற்றலாம். அப்படி வசூலித்துத் தரும் சங்கம்தான் ஐபிஆர்எஸ், 1969இலிருந்து இருக்கிறது. வரி எழுதுகிறவன் நீ, அதில் உறுப்பினராக விண்ணப்பம் போடு.

காலம் எவ்வளவு என்று தாளில் இல்லாவிட்டால் சட்டப்படி ஐந்து வருஷம்தான், எந்த நாடு என்று இல்லாவிட்டால் இந்தியா மட்டும்தான். அதனால்தான் 'உலகம் முழுக்க, என்றென்றைக்கும்' என்று மறக்காமல் எழுதுகிறார்கள். அந்த இரண்டு வார்த்தையை அடிக்கச் சொல்லிப் பார், ஆள் யார் என்று அப்போது தெரியும்.

அதெல்லாம் இருக்கட்டும். பீட், அதாவது பின்னால் ஓடுகிற இசை, யாருடையது?

அரவேணு பையன்:

அண்ணா, பீட் நெட்டில் லீஸுக்கு எடுத்தது. 1,600 ரூபாய். செய்தவர் வெளிநாட்டுக்காரர், ஒரு ரசீது மெயிலில் வந்தது, நான் முழுசாகப் படிக்கவில்லை.

ஊட்டி சவுண்ட் சர்வீஸ்:

சரியாப் போச்சு. லீஸ் என்றால் வாடகை தம்பி. அதே பீட்டை இந்நேரம் இன்னும் பத்துப் பேர் எடுத்திருக்கலாம். இத்தனை ஸ்ட்ரீம் வரைதான், யூடியூபின் உரிமைப் பதிவில் உன் பேரில் போடக்கூடாது, வேறு ஒருவருக்கு விற்கக்கூடாது என்றெல்லாம் பெரும்பாலும் அந்த ரசீதிலேயே இருக்கும். இதை 'முழுக்க முழுக்க என் சொந்தப் படைப்பு' என்று கையெழுத்துப் போட்டு விற்றால், நாளைக்கு பீட்காரன் கேட்கும்போது கம்பெனி உன்னைக் கை காட்டிவிட்டுப் போய்விடும். 18,000 வாங்கிக்கொண்டு அதைவிடப் பெரிய கடனைத் தோளில் ஏற்றிக்கொள்வாய். முதலில் அந்த மெயிலைத் தேடி எடு. இன்றைக்கே.

குன்னூர் ரெண்டாம் ஷிஃப்ட்:

இது எனக்குத் தெரியாது. வாபஸ்.

பூம்பாறை பூண்டு:

நான் கொடைக்கானல் மேல்மலை. எனக்குக் கோபம் வந்தது பணத்துக்காக இல்லை, 'லயம்' என்ற வார்த்தையை எடுக்கச் சொன்னதற்காக. பாட்டின் பேரே அதுதானே தம்பி! அதை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன இருக்கிறது, யாரோ ஒரு பாட்டி எங்கேயோ வேலை பார்த்தார் என்பதா? ராப் பாடகர் அறிவு 2021இல் 'என்ஜாய் எஞ்சாமி' எழுதியபோது அதுவும் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்த அவர் பாட்டியின் கதையிலிருந்து வந்ததுதான், புரியவில்லை என்று யார் சொன்னார்கள்? (அந்தப் பாட்டில் எங்களுக்கு ஒரு பைசா வரவில்லை என்று அதன் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் 2024இல் வெளிப்படையாகவே சொன்னார். அவ்வளவு ஓடிய பாட்டுக்கே அந்தக் கதி என்றால் தாளைக் கவனமாகப் படி.)

எங்கள் ஊர்க் கதை ஒன்று. இங்கே பாதரசத் தெர்மாமீட்டர் ஆலை 2001இல் மூடியது. அங்கே வேலை பார்த்தவர்கள் உடம்பு கெட்டு வருஷக்கணக்காக மனுவும் வழக்குமாக அலைந்தார்கள், மலைக்குக் கீழே யார் காதிலும் விழவில்லை. 2015இல் சோஃபியா அஷ்ரஃப் என்கிற சென்னைப் பெண் அதை ராப்பாகப் பாடினார், மெட்டுகூட ஒரு அமெரிக்கப் பாடகியுடையது, உலகம் பூராவும் ஓடியது. அடுத்த வருஷம் 591 முன்னாள் தொழிலாளர்களோடு உடன்பாடு ஆனது. பாட்டால் மட்டும் நடந்தது என்று சொன்னால் போராடியவர்களுக்குத் துரோகம். ஆனால் எங்கள் ஊர்ப் பேரை அப்படி உரக்கச் சொன்னதை அன்றைக்குத்தான் கேட்டேன். அதை இங்கே இருக்கிற ஒரு பிள்ளை தமிழில் பாடியிருக்கக் கூடாதா என்று இன்றைக்கும் ஒரு குறை உண்டு.

கூடலூர் மழை:

'பிழைப்பா' என்று கேட்டாய், அதற்கு மட்டும் பதில். நேராகச் சொன்னால் ரொம்ப நாளைக்குப் பிழைப்பு இல்லை. அமெரிக்காவின் ஓக்லண்டில் டூ ஷார்ட் என்கிற ராப்பர் 1980களின் தொடக்கத்தில் எப்படி ஆரம்பித்தார் தெரியுமா, காசு கொடுக்கிற ஆளின் பேரை வைத்தே ராப் பாடிக் கேசட்டில் பதிந்து கையில் விற்றார். நம் ஊரில் கல்யாண வீட்டில் மாப்பிள்ளை பேரை வைத்துப் பாடச் சொல்லிக் கேட்பதில்லையா, அதே சங்கதிதான். நிப்ஸி ஹசில் என்கிற இன்னொரு அமெரிக்க ராப்பர் 2013இல் தன் மிக்ஸ்டேப்பை (பாட்டுத் தொகுப்பை) நெட்டில் இலவசமாக விட்டுவிட்டு, அதையே ஆயிரம் பிரதி மட்டும் போட்டு ஒன்று 100 டாலர் என்று வைத்தார். ஒரே நாளில் தீர்ந்தது. பாட்டுக்காக அல்ல, இவன் நம் ஆள் என்று வாங்கினார்கள். அந்த ஆயிரம் பேரைச் சேர்க்க அவருக்குப் பல வருஷம் ஆனது, அதைத்தான் யாரும் சொல்வதில்லை.

நீ முகம் காட்டாமல் பாடுகிறாய் என்றதும் எனக்கு முகமூடி போட்டுப் பாடிய ராப்பர் எம்எஃப் டூம் ஞாபகம்தான் வந்தது. அவரும் தம்பியும் சேர்ந்து ஒரு குழு வைத்திருந்தார்கள், 1993இல் தம்பி கார் மோதி இறந்துபோனார். முடித்து வைத்திருந்த இரண்டாவது ஆல்பத்தை அட்டைப்படம் சரியில்லை என்று கம்பெனி வெளியிடவில்லை, ஆளையும் கழற்றிவிட்டது. நாலைந்து வருஷம் மனிதர் இருந்த இடம் தெரியவில்லை. திரும்பி வந்தபோது நியூயார்க்கில் ஒரு சின்ன அரங்கத்தில் முகத்தில் பெண்கள் காலுறையை மாட்டிக்கொண்டு பாடினார், அப்புறம்தான் அந்த இரும்பு முகமூடி. 1999இல் தனி ஆல்பம், 2004இல் மேட்லிப் என்கிற இசைக்காரரோடு சேர்ந்து செய்தது. அவர் பாட்டு கடைசி வரை எந்தப் பெரிய வரிசையிலும் முதலிடம் பிடிக்கவில்லை. 2020 அக்டோபரில் இறந்தார், வெளியே தெரிந்தது டிசம்பர் 31. கூடலூரில் கரண்ட் இல்லாத ஒரு ராத்திரி, செய்தி பார்த்துவிட்டு போனில் சார்ஜ் தீரும் வரை அவரைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

வேலையை விடாதே. டிஸ்பிளே மாற்றுகிற கை உனக்கு எஜமான் இல்லாத ராத்திரியை வாங்கித் தருகிறது.

அரவேணு பையன்:

எல்லாருக்கும் நன்றி. மெயில் கிடைத்தது, ஊட்டி அண்ணா சொன்னதுதான். வேறு ஒருவருக்கு மாற்றக்கூடாது என்று ஆறாவது வரியிலேயே இருக்கிறது. கம்பெனிக்காரருக்கு மூன்று கேள்வி அனுப்பினேன்: ஐந்து வருஷம் மட்டும் தரலாமா, வரிகளின் உரிமை என்னிடமே இருக்கலாமா, வார்த்தைகளை மாற்றாமல் பாடலாமா. செவ்வாய்க்கிழமை பார்த்துவிட்டார், நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. கூரைக்கு அப்பா சீட்டில் எடுக்கலாம் என்கிறார்.

வாடகை பீட் இனி வேண்டாம் என்று, ஞாயிற்றுக்கிழமை அத்தை கத்தரியில் கொழுந்து வெட்டுகிற சத்தத்தைப் போனில் பதிந்து வந்தேன். சரக், சரக், ஒரு இடைவெளி, அப்புறம் பையில் இலை விழுகிற சத்தம். இடைவெளி ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மாறுகிறது, கணினியில் நேராக்கினால் செத்துப்போகிறது, அதனால் அப்படியே விட்டு அதன் மேல் பாடிப் பார்க்கிறேன். ஒரே தொல்லை, காற்று. மேட்டுத் தோட்டம், பாதிப் பதிவு உஸ்ஸென்று இரைகிறது. வழி உண்டா?

ஊட்டி சவுண்ட் சர்வீஸ்:

போனின் மைக் பக்கம் ஒரு கம்பளி சாக்ஸை மாட்டி, காற்றுக்கு முதுகைக் காட்டி உட்கார். புது சாக்ஸ் வேண்டாம், பழசே போதும். துவைத்ததாக இருக்கட்டும், அத்தை பக்கத்தில் இருப்பார்.