சிறிய மீன்பிடிப் படகை ஏரிப் படகுத்துறையிலேயே நிறுத்தி வைக்கலாமா?

கெண்டை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் 15 அடி நீளத்தில் மேல்தளம் இல்லாத அலுமினியப் படகு ஒன்றும், அதில் பின்பலகைக்கு வெளியே மாட்டும் 20 குதிரைத்திறன் அவுட்போர்டு மோட்டாரும் உள்ளன. இதுவரை ஒவ்வொரு முறையும் டிரெய்லரில் ஏற்றிச் சென்று, சரிவுத்தளத்தில் இறக்கி, மாலையில் திரும்ப ஏற்றி வருவதுதான் வழக்கம். தூண்டிலில் மீன் நன்றாகக் கடிக்கும் விடியற்காலை நேரம் சரிவுத்தளத்தில் முறைக்குக் காத்திருப்பதிலேயே கழிந்துவிடுவதால், மீன்பிடிப் பருவம் முடியும் வரை படகை மெரினாவிலேயே (ஏரிப் படகுத்துறையிலேயே) கட்டி வைக்கலாமா என்று யோசித்து வருகிறேன். கடலில் உள்ளது போல உப்பும் பேரலையும் இல்லாத நன்னீர் என்பதால் பெரிய சேதம் வராது என்று நினைக்கிறேன். ஆனால் வாரத்துக்கு ஒரு முறைதான் என்னால் அங்கே செல்ல முடியும். சில வாரங்களில் அதுவும் இயலாது. அனுபவமுள்ளவர்கள் எதைக் கவனிக்க வேண்டும் என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

நீர்க்காகம் எழுதியது:

வணக்கம் நண்பரே. மெரினாவில் கட்டியபடியே மூழ்கும் சிறு படகுகளில் பல, அடியில் ஓட்டை விழுந்து மூழ்குவதில்லை. மேலிருந்து விழும் மழையால்தான் மூழ்குகின்றன. ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர் சேரும். உங்கள் படகின் திறந்த பரப்பு ஏறத்தாழ 6 சதுர மீட்டர் இருக்கும் என்று வைத்துக்கொண்டால், ஒரே இரவில் 50 மில்லிமீட்டர் மழை பெய்யும்போது 300 லிட்டர், அதாவது 300 கிலோ எடை படகில் ஏறிவிடுகிறது. மோட்டார், பேட்டரி, பெட்ரோல் தொட்டி மூன்றும் பின்பக்கத்திலேயே இருப்பதால் தண்ணீர் முழுவதும் அங்கேதான் ஓடிச் சேரும். பின்பலகை நீர்மட்டத்துக்கு அருகில் தாழ்ந்த பிறகு, யாரோ ஒருவர் வேகமாக ஓட்டிச் செல்லும் படகு எழுப்பும் சிற்றலையே உள்ளே புகுந்து மிச்ச வேலையை முடித்துவிடும்.

ஆகவே படகின் அடியில் சேரும் நீரை வெளியே இறைக்கும் பில்ஜ் பம்ப், நீர் ஏறினால் தானாக அதை ஓட்டும் மிதவைச் சுவிட்சுடன் கட்டாயம் தேவை. மணிக்கு 500 கேலன், அதாவது சுமார் 1,900 லிட்டர் இறைக்கும் என்று உறையில் போட்டிருந்தாலும், குழாயின் ஏற்றமும் வளைவுகளும் பேட்டரியின் நிலையும் சேர்ந்து அதைக் கணிசமாகக் குறைத்துவிடும். அப்படிக் குறைந்தாலும் 300 லிட்டரை அது அரை மணி நேரத்துக்குள்ளாகவோ சற்றுக் கூடுதலாகவோ இறைத்துவிடும். அதற்குச் செலவாகும் மின்சாரம் ஒன்றிரண்டு ஆம்பியர்-மணிதான். எனவே பேட்டரி மழையால் தீர்ந்துபோவதில்லை, சிக்கிக்கொண்ட சுவிட்சால்தான் தீர்ந்துபோகிறது. அறுத்துப் போட்ட தூண்டில் நரம்புத் துண்டு, செதில், காய்ந்த இலை, மண்புழு டப்பாவிலிருந்து சிந்திய மண் எல்லாம் அடியில் ஒதுங்கி மிதவையின் கீல் பக்கம் அடைந்துகொள்ளும். மிதவை மேலேயே நின்றுவிட்டால் 3 ஆம்பியர் இழுக்கும் பம்ப் ஒரு நாளில் 72 ஆம்பியர்-மணியைக் குடித்துவிடும். அடுத்த மழைக்குப் பம்பும் இருக்காது, பேட்டரியும் இருக்காது. ஒவ்வொரு முறை இறங்கும்போதும் மிதவையை விரலால் தூக்கிப் பம்ப் ஓடுகிறதா என்றும், விட்டதும் நிற்கிறதா என்றும் பாருங்கள்.

தார்ப்பாய் போட்டால் போதும் என்று சிலர் சொல்வார்கள். நடுவில் முட்டுக் கொடுத்துக் கூரை போல இருபுறமும் சரிவாகக் கட்டினால் மட்டுமே அது பயன்படும். தொய்வாகக் கட்டிய பாயில் தண்ணீர் குளமாகத் தேங்கி, பிறகு பாயோடு சேர்ந்து படகுக்குள் கொட்டும்.

மிதவைக்கட்டை எழுதியது:

மேலே சொன்னவற்றை முழுவதும் ஒப்புக்கொள்கிறேன். கட்டும் முறையைப் பற்றிச் சிலவற்றைச் சேர்க்கிறேன். உங்களுக்குக் கிடைக்கும் இடம் மிதக்கும் மேடையா, தூண்களின் மேல் நிற்கும் நிலையான மேடையா என்பதை முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அணைக்கட்டின் பின்னால் உருவான ஏரிகளில் நீர்மட்டம் வாரத்துக்கு வாரம் மாறும். நிலையான மேடையில் இறுக்கிக் கட்டிய படகு, நீர் இறங்கினால் கயிற்றில் தொங்கும். நீர் ஏறினால் மேடையின் அடியில் மாட்டிக்கொள்ளும். நீங்கள் செல்லும் இடைவெளியைப் பார்த்தால், மிதக்கும் மேடை கிடைக்காத பட்சத்தில் இந்த யோசனையை விட்டுவிடுவதே மேல் என்பது என் கருத்து.

அணியத்திலிருந்து (முன்முனையிலிருந்து) ஒரு கயிறும் பின்புறத்திலிருந்து ஒரு கயிறும் மட்டும் போதாது. படகு முன்னும் பின்னும் நகராமல் இருக்க, முன்பக்கத்திலிருந்து மேடையின் பின்பக்கத்துக்கும், பின்பக்கத்திலிருந்து மேடையின் முன்பக்கத்துக்கும் குறுக்காக இரண்டு கயிறுகள் வேண்டும். 10 அல்லது 12 மில்லிமீட்டர் நைலான் கயிறு உங்கள் படகுக்குத் தாராளம். நைலான் இழுவைக்கு நீண்டு கொடுத்து, காற்று அடிக்கும்போது விழும் வெட்டிழுப்பைத் தாங்கிக்கொள்ளும். மேடையின் விளிம்பில் கயிறு உரசும் இடத்தில் பழைய தோட்டக் குழாயை நீளவாக்கில் கீறி மாட்டிவிடுங்கள். கயிறு நடுவில் அறுந்து பார்த்ததில்லை. அந்த விளிம்பில்தான் முதலில் பஞ்சு பஞ்சாகப் பிரிந்து நிற்கும்.

ஒப்பந்தத்தையும் ஒரு முறை நிதானமாகப் படியுங்கள். பெரும்பாலான மெரினாக்கள் இடத்தைத்தான் வாடகைக்கு விடுகின்றன. படகு மூழ்கினாலோ தூண்டில்கள் காணாமல் போனாலோ அவை பொறுப்பேற்பதில்லை.

தக்கைக்காரர் எழுதியது:

நன்னீர்தானே என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் பதில் எழுதத் தோன்றியது. உப்பு இல்லாததால் துரு குறைவு என்பது உண்மை. ஆனால் மின்சாரத்தைப் பொறுத்தவரை நன்னீரே அதிக ஆபத்தானது. உப்பு நீர் மின்சாரத்தை எளிதில் கடத்துவதால் கசியும் மின்னோட்டத்தில் பெரும்பகுதி உடலைச் சுற்றியே போய்விடும். நன்னீரில் மனித உடலே நீரைவிட நல்ல கடத்தி என்பதால் அது உடலின் வழியாகப் பாயும். தசைகள் செயலிழந்து நீச்சல் தெரிந்தவரும் மூழ்கிவிடுவார். மேடைக்கு மின் இணைப்பு இருக்கும் எந்த மெரினாவிலும் நீந்தக் கூடாது, விழுந்த பொருளை எடுக்கக்கூட இறங்கக் கூடாது. யாராவது தண்ணீரில் தத்தளித்தால், முதலில் மேடையின் மின்சாரத்தை நிறுத்திவிட்டு உயிர்காப்பு மிதவையை வீசுங்கள், பின்னாலேயே குதித்துவிடாதீர்கள்.

இதே காரணத்தால் பேட்டரி சார்ஜரை மேடையின் மின்சாரத்தில் நிரந்தரமாகச் செருகி வைக்காதீர்கள். தரை இணைப்புக் கம்பியின் வழியாக உங்கள் அலுமினியப் படகும் பக்கத்துப் படகின் வெண்கலச் சுழலியும் (புரொப்பல்லரும்) ஒரு மின்கலமாக இணைந்துவிட்டால், அரிக்கப்படுவது உங்கள் அலுமினியமாகத்தான் இருக்கும். பம்புக்கு மட்டும் என்றால், கட்டுப்படுத்தியுடன் கூடிய 10 வாட் சூரியத் தகடு ஒன்றே போதும். மோட்டாரின் உலோகத்துக்குப் பதிலாகத் தானே அரிபட்டு அதைக் காக்கும் துத்தநாக அரிமானக் கட்டி நன்னீரில் மேற்பூச்சு படிந்து வேலை செய்யாமல் போய்விடும்; அதற்குப் பதிலாக மெக்னீசியம் கட்டியைப் பொருத்துங்கள், ஆனால் படகை என்றாவது கடலுக்குக் கொண்டுபோவதாக இருந்தால் அதைக் கழற்றிவிட வேண்டும். பாசி பிடிக்கிறது என்று செம்பு கலந்த அடிப்பூச்சை அலுமினியத்தின் மேல் அடித்துவிடாதீர்கள்.

கிளம்பும்போது மோட்டாரைத் தண்ணீருக்கு மேலே தூக்கி வையுங்கள். நீர் உறையும் அளவுக்குக் குளிர் வரும் இடமாக இருந்தால், அந்தக் காலத்தில் படகை வெளியே எடுத்து மோட்டாரை நேராக நிறுத்துங்கள். இல்லையென்றால் உள்ளே தங்கிய நீர் பனிக்கட்டியாகி மோட்டாரின் கூட்டைப் பிளந்துவிடும். பெட்ரோல் தொட்டியைப் படகிலிருந்து மேடைக்கு எடுத்துவந்து நிரப்புவது நல்லது, ஏனெனில் பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, படகின் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும்.

கெண்டை எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. மிதக்கும் மேடைதான் என்று மெரினாவில் உறுதிப்படுத்தினார்கள். ஒரு கேள்வி மட்டும் மிச்சம் இருக்கிறது. பருவத்தின் நடுவில் அவ்வப்போது படகை வெளியே எடுத்து, சற்றுத் தொலைவில் உள்ள வேறொரு ஏரிக்குக் கொண்டுபோகும் எண்ணம் உண்டு. அதில் ஏதேனும் சிக்கல் இருக்கிறதா?

நீர்க்காகம் எழுதியது:

இருக்கிறது. நாள் முழுவதும் ஓடிவிட்டு மாலையில் ஏறிவிடும் படகைவிட, வாரக்கணக்கில் தண்ணீரில் நின்ற படகே வேண்டாத உயிரினங்களை அதிகம் சுமந்து செல்கிறது. கருங்கடல், காஸ்பியன் கடல் பகுதியைச் சேர்ந்த வரிக்குதிரைச் சிப்பி 1980களில் கப்பல்கள் நிலையாக மிதக்க அடியில் நிரப்பிச் செல்லும் நிலைப்பு நீர் வழியாக வட அமெரிக்காவின் பேரேரிகளுக்கு வந்தது. அங்கிருந்து உள்நாட்டு ஏரிகளுக்கு அதைப் பரப்பியதில் உங்களுடையதைப் போன்ற படகுகளுக்கும் டிரெய்லர்களுக்கும் பெரும் பங்கு உண்டு. அதன் இளம் உயிரி கண்ணுக்கே தெரியாது, பிடித்த மீனைப் போட்டு வைக்கும் தொட்டியில் தேங்கிய ஒரு கை நீரே அதற்குப் போதும். படகை ஏற்றியவுடன் படகின் நீர் வடியும் துளையின் அடைப்பானைத் திறந்து முழுவதும் வடியவிட்டு, மீன் தொட்டியைக் காலி செய்து, மோட்டாரை நேராக இறக்கி அதன் நீரையும் வடித்து, ஒட்டியிருக்கும் பாசியையும் கொடியையும் கரையிலேயே அகற்றிவிட்டு, குறைந்தது ஐந்து நாட்களாவது நன்றாகக் காயவிட்ட பிறகே அடுத்த ஏரியில் இறக்குங்கள். பல இடங்களில் இது சட்டமாகவே இருக்கிறது. இப்படிக் காயவிட நாள் ஒதுக்க முடியாது என்றால், ஒரே ஏரியோடு நின்றுகொள்ளுங்கள்.

படகு வெளியே இருக்கும் அந்த நாட்களில் சுழலியைக் கழற்றி அச்சைப் பாருங்கள். மீன்பிடிப் படகுகளில் தூண்டில் நரம்பு அதன் பின்னால் சுற்றிக்கொண்டு கியர் எண்ணெய் வெளியேறாமலும் நீர் புகாமலும் காக்கும் அடைப்பு வளையத்தை (சீல்) அறுத்துவிடும். கியர் எண்ணெய் பால் போல வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்துவிட்டது என்று பொருள். அந்த வளையத்தை மாற்றிய பிறகே மறுபடி ஓட்டுங்கள். அடைப்பானைத் திரும்ப மாட்டிவிட்டீர்களா என்பதைச் சரிவுத்தளத்தில் இறங்குவதற்கு முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.