எபாக்சி பட்டி ஒத்துக்கொள்ளவில்லை: கொலு பொம்மை விரல்களுக்கு வேறு என்ன வழி?

குடியாத்தம்_கொலு:
வணக்கம். பழைய கொலு பொம்மைகளைச் சரிசெய்து வர்ணம் பூசிக் கொடுக்கிறேன். ஆறு வருடமாக இதுதான் தொழில். உடைந்த விரல், மூக்கு, புல்லாங்குழல் எல்லாவற்றுக்கும் எபாக்சி பட்டிதான். இரண்டு உருண்டையைச் சேர்த்துப் பிசைந்து ஒட்டுவோமே, அது. மாசி மாதத்திலிருந்து விரலிடுக்கில் அரிப்பு, பொடிப்பொடியாக நீர்க்கொப்புளம். அப்புறம் கண் இமை வீங்கியது. கண்மையைச் சந்தேகப்பட்டு மூன்று டப்பா மாற்றினேன், பலனில்லை. மெல்லிய ரப்பர் கையுறை போட்டேன், இன்னும் அதிகமானது. வேலையை இரண்டு வாரம் நிறுத்தினால் அடங்குகிறது. பட்டியைத் தொட்டால் ஓரிரு நாளில் திரும்ப வருகிறது.

நவராத்திரிக்கு மூன்று மாதம்தான். பதினொரு பொம்மைகள் காத்திருக்கின்றன. ஏரிக் களிமண்ணே போதுமா, இல்லை பாலிமர் கிளே, காற்றிலேயே காயும் ஏர் டிரை கிளே என்று விற்கிறார்களே, அதற்குப் போகலாமா?

காட்பாடி_சூளை:
புது பொம்மை செய்வதென்றால் களிமண்ணை மிஞ்ச எதுவும் இல்லை. கரிகிரிப் பக்கம் பானை செய்பவர்களிடம் கேட்டால் மிதித்துப் பதமாக்கிய மண்ணே கிடைக்கும். ஆனால் ஒட்டு வேலைக்கு வேண்டாம். பச்சை மண் காயும்போது நூற்றுக்கு ஐந்து முதல் பத்து பங்கு வரை சுருங்கும். பழைய பொம்மை சுருங்காதே! இரண்டும் சேரும் இடத்தில் விரிசல் விட்டு, கொலு முடிவதற்குள் கிருஷ்ணர் விரல் படியில் கிடக்கும்.

ஆற்காடு_அக்கா:
பழகின பொருளை ஏன்மா விடுகிறாய்? ரப்பருக்குப் பதில் நீல நிற நைட்ரைல் கையுறை போட்டுக்கொள். நான் அப்படித்தான் செய்கிறேன், ஒன்றும் ஆகவில்லை.

ராணிப்பேட்டை_தரை:
அக்கா, உங்களுக்கு ஒத்துக்கொள்கிறது, அதனால் சொல்கிறீர்கள். தொழிற்சாலைத் தரைகளுக்கு எபாக்சி பூசும் வேலையை நான் விட்டதே இதனால்தான். ஒரு உருண்டையில் ரெசின், மற்றதில் அதை இறுக்கும் அமீன் வகை ரசாயனம். உடம்பு ஒருமுறை இதை எதிரியாக எடுத்துக்கொண்டால் பெரும்பாலும் ஆயுசுக்கும் மறக்காது. அதன்பின் துளி பட்டாலே போதும். மெல்லிய ரப்பர் வழியாக ரெசின் ஊடுருவிவிடும். நைட்ரைல் கொஞ்ச நேரம் தாங்கும், அவ்வளவுதான். அது அலர்ஜி வராதவர்களுக்கான பாதுகாப்பு, வந்துவிட்டவர்களுக்குப் போதாது. இமைத் தோல் மெல்லியது என்பதால் கையிலிருந்து ஒட்டுவதும் காற்றில் வருவதும் அங்கேதான் முதலில் காட்டும். சரியாக இறுகாத பட்டியைத் தேய்த்தால் பறக்கும் தூளும் அப்படித்தான்.

ஆனால் தங்கச்சி, அடுத்த மண்ணைத் தேடுமுன் எதனால் வருகிறது என்று உறுதிசெய்யுங்கள். எபாக்சியாக இருக்கலாம், கையுறை ரப்பராகவும் இருக்கலாம், இரண்டுமாகவும் இருக்கலாம். தோல் மருத்துவரிடம் பேட்ச் டெஸ்ட் கேளுங்கள். சந்தேகப்படும் பொருட்களைக் கொஞ்சம் கொஞ்சமாக முதுகில் ஒட்டி 48 மணி நேரம் விடுவார்கள், எடுத்தபின் ஓரிரு நாள் கழித்து மறுபடி பார்ப்பார்கள். அதுவரை முதுகு நனையக்கூடாது. நான் கத்திரி வெயிலில் போய், வேலூர் வியர்வையில் ஒட்டெல்லாம் உரிந்து, முதலிலிருந்து ஆரம்பித்தேன். பட்டியின் உறையையும் கையோடு எடுத்துப் போங்கள்.

குடியாத்தம்_கொலு:
நன்றி அண்ணா. நாளைக்கே வேலூர் போகிறேன். அதுவரை பாலிமர் கிளேயில் விரல் செய்து வைக்கலாமா?

ஒன்பதாம்_படி:
பாலிமர் கிளே பி.வி.சி. தூளும் அதை இளக்கும் எண்ணெயும் சேர்ந்தது. எபாக்சி இல்லை. ஆனால் 130 டிகிரி வாக்கில் ஓவன் அடுப்பில் சுட வேண்டும். காகிதக்கூழ் பொம்மையை வர்ணத்தோடு அதில் வைக்க முடியாது. விரலைத் தனியாகச் சுட்டு ஒட்டலாம். அங்கே ஒரு வலை இருக்கிறது: இரண்டு குழாயிலிருந்து பிதுக்கிக் கலக்கும் பசை பெரும்பாலும் அதே எபாக்சிதான். பட்டியை விட்டுவிட்டுப் பசையில் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

சோளமாவும் வெள்ளைப் பசையும் பிசைவதைப் பலர் சொல்வார்கள். வழவழப்பாக வரும், விலையும் குறைவு. ஆனால் அந்தப் பசை கெடாமலிருக்கச் சேர்க்கும் ஐசோதயசோலினோன் என்ற ரசாயனங்களும் தோலுக்கு ஆகாதவர்கள் உண்டு. ஏர் டிரை கிளே சிலவற்றிலும் இதே கதை, உறையிலும் எழுதியிருக்காது. டெஸ்டில் இதையும் சேர்க்கச் சொல்லுங்கள்.

ஆரணி_தாத்தா:
அம்மா, பட்டி வருவதற்கு முன்னால் எதில் செய்தோம் என்று யாரும் கேட்கவில்லையே. செய்தித்தாளைக் கிழித்து இரண்டு நாள் ஊறவைத்து இடித்துப் பிழிந்துகொள். புளியங்கொட்டையை வறுத்துத் தோல் நீக்கிப் பொடித்துத் தண்ணீரில் காய்ச்சினால் கோந்து. கூழ், கோந்து, சலித்த சுண்ணாம்புக்கட்டித் தூள் மூன்றையும் சப்பாத்தி மாவுப் பதத்தில் பிசை. விரலுக்குள் கம்பி வை. மெல்லிசாக வைத்துக் காயவிட்டு, மேலே மேலே ஏற்று. ஒரே தடவையில் அப்பினால் இதுவும் சுருங்கும். பூச்சி அரிக்காமலிருக்கத் துளி மயில்துத்தம் போடுவோம்.

ராணிப்பேட்டை_தரை:
தாத்தா, மற்றதெல்லாம் சரி. புண்ணான கைக்கு மயில்துத்தம் வேண்டாம், எரித்துவிடும், விஷமும்கூட.

ஆரணி_தாத்தா:
அதுவும் சரிதான். கோந்தை அன்றன்றைக்குக் காய்ச்சி, மிச்சத்தைக் கொட்டிவிடு.

குடியாத்தம்_கொலு:
ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன். டெஸ்டில் எபாக்சி ரெசினுக்கு நன்றாகச் சிவந்தது. ரப்பருக்கும் பசையில் போடும் மருந்துக்கும் ஒன்றுமில்லை. கண்மை பாவம், அநியாயமாகப் பழி சுமந்தது.

தாத்தா சொன்ன கூழில் நான்கு பொம்மை முடித்துவிட்டேன். பட்டியில் ஒரு மணி நேரத்தில் முடிகிற கைக்கு இப்போது மூன்று நாள். நகக்கோடு கூழில் வரவில்லை. கம்பியின் மேல் டிஷ்யூ தாளைக் கோந்தில் நனைத்துச் சுற்றி, அரைகுறையாகக் காய்ந்ததும் ஊசியால் கீறினேன், வந்தது. முதல் பொம்மையில் மணிக்கட்டில் மயிரிழை விரிசல் விட்டது; அவசரப்பட்டு ஒரே அப்பாக அப்பியது என் தப்பு.

புல்லாங்குழலுக்கு எந்தக் கூழும் வேண்டியிருக்கவில்லை. தென்னை ஈர்க்குச்சியைச் சீவி வர்ணம் அடித்து வைத்துவிட்டேன்.