சின்ன ஹாலில் மூன்று பேண்ட்: பாடகர் குரல் மேலே வர என்ன வழி?

நாலாவது_தந்தி:

வணக்கம். சொந்தப் பாட்டு மட்டும் வாசிக்கும் மூன்று பேண்டுகள் சேர்ந்து ஒரே மாலையில் ஷோ போடுகிறோம். ஹால் சுமார் 11 மீட்டர் நீளம், 7 மீட்டர் அகலம். டைல்ஸ் தரை, தாழ்ந்த கூரை. நெருக்கி நின்றால் 80 பேர் கொள்ளும்.

கையில் இருப்பவை: 12 அங்குல பவர்டு ஸ்பீக்கர் இரண்டு, 10 அங்குல மானிட்டர் (பாடகரைப் பார்த்து வைக்கும் மேடை ஸ்பீக்கர்) இரண்டு, 12 சேனல் அனலாக் மிக்ஸர், இரட்டை 31 பட்டை கிராஃபிக் ஈக்யூ (ஓசையைப் பட்டை பட்டையாகக் கூட்டிக் குறைக்கும் கருவி), குரல் மைக்கில் ஷ்யூர் எஸ்எம்58 நான்கு, பீட்டா 58ஏ ஒன்று, கிக் மைக் ஒன்று, டிஐ பாக்ஸ் (கீபோர்டு போன்றவற்றின் சிக்னலை மிக்ஸருக்கு ஏற்றபடி மாற்றும் பெட்டி) ஒன்று.

ஒத்திகையில் டிரம்ஸும் இரண்டு கிட்டாரும் சேர்ந்தவுடன் பாட்டு வரி ஒன்றுகூடப் புரியவில்லை. மிக்ஸரில் குரலின் ஃபேடரை (சத்தம் கூட்டிக் குறைக்கும் கட்டை) ஏற்றினால், மானிட்டர் ஓசையை மைக்கே மறுபடி வாங்கிக் கூவுகிறது. பெரிய ஸ்பீக்கர் வாடகைக்கு எடுப்பதா, இருப்பதை வைத்தே சமாளிக்க முடியுமா? மூன்று பேண்டுக்கும் சவுண்ட் செக் எந்த வரிசையில் வைப்பது?

—

ஃபேடர்காரன்:

ஸ்பீக்கர் போதும். பெரிசு எடுத்தாலும் கூவுகிற இடத்தில் கூவத்தான் செய்யும், வாடகைதான் கூடும். இந்த அளவு ஹாலில் டிரம்ஸுக்கும் கிட்டாருக்கும் மேடைச் சத்தமே பி.ஏ. (கூட்டத்துக்கான ஸ்பீக்கர் அமைப்பு) மாதிரி. ஸ்பீக்கரின் வேலை குரலையும் கீபோர்டையும் அதற்கு மேலே தூக்கிக் காட்டுவது மட்டும். அதனால் கணக்கை மிக்ஸரில் தொடங்காதீர்கள், டிரம்ஸில் தொடங்குங்கள்.

டிரம்ஸுக்கு வால்யூம் குமிழ் கிடையாது. அவர் அடிக்கிற அடிதான் அன்றைய அளவுகோல். கனமான குச்சிக்குப் பதில் மெல்லிய குச்சியோ ராட்ஸோ (மெல்லிய குச்சிகளின் கட்டு) கொடுங்கள். ஸ்னேர் மேல் ஜெல் துண்டு ஒன்று ஒட்டினால் நீளும் ஓசை அடங்கும். குரலை மூடுவது பெரும்பாலும் கிக் இல்லை, கிராஷ் சிம்பல் என்ற உலோகத் தட்டுதான். பாட்டு வரியின் மெய்யெழுத்துகள் உட்கார்ந்திருக்கும் 2 முதல் 6 கிலோஹெர்ட்ஸ் பகுதியை அது அப்படியே விழுங்கிவிடும். மெல்லிய, சிறிய கிராஷ் இருந்தால் அதை மாட்டச் சொல்லுங்கள். டிரம் கிட்டுக்கு அடியில் 2க்கு 2 மீட்டர் கம்பளம் கட்டாயம். டைல்ஸில் கிக் டிரம் முன்னால் நகர்ந்துகொண்டே போகும், டிரம்மர் பாதிப் பாட்டில் அதைத் துரத்திக்கொண்டிருப்பார்.

அடுத்தது கிட்டார் ஆம்ப். ஆம்ப் தரையில், வாசிப்பவர் அதற்கு முன்னால் ஒரு அடி தள்ளி நின்றால் சத்தம் அவருடைய முழங்காலில்தான் படும். கிட்டார் ஸ்பீக்கரின் கூர்மையான ஓசை குறுகலான கற்றையாக நேரே போகும், மேலே ஏறாது. அவருக்கு மந்தமாகக் கேட்கும், ட்ரெபிளை ஏற்றுவார், பிறகு வால்யூமை ஏற்றுவார். முன்வரிசையில் நிற்பவருக்குக் காது கிழியும். ஆம்பை நாற்காலி மேல் தூக்கி, வாசிப்பவர் தலையைப் பார்க்கும்படி சாய்த்து வையுங்கள். இன்னும் நல்லது, மேடை ஓரத்தில் வைத்து மேடைக்குக் குறுக்கே திருப்புவது. தன் காதிலேயே அறைந்தால் அவரே குறைத்துக்கொள்வார், நீங்கள் கெஞ்ச வேண்டாம்.

பேஸ் ஆம்பை மூலையில் வைக்காதீர்கள். இரண்டு சுவரும் தரையும் சேர்ந்து அடி ஓசையை ஊதிவிடும், ஹால் முழுக்க ஒரே உறுமலாக இருக்கும். சுவரை விட்டுத் தள்ளி வைத்தும் உறுமினால் ஆம்பிலேயே 100 ஹெர்ட்ஸ் பக்கம் குறையுங்கள்.

இதெல்லாம் முடிந்த பிறகு குரல். மிக்ஸரில் குரல் சேனல் ஒவ்வொன்றிலும், அடி ஓசையை வெட்டும் லோ கட் பட்டனை அழுத்துங்கள். கெயினை (மைக் சிக்னல் மிக்ஸருக்குள் நுழையும் அளவு) பாடகர் மெதுவாக ‘ஹலோ’ சொல்லும்போது வைக்காதீர்கள். பாட்டின் உச்ச வரியை முழு மூச்சில் பாடச் சொல்லி, பிஎஃப்எல் (அந்தச் சேனலை மட்டும் மீட்டரில் காட்டும் பட்டன்) அழுத்தி, மீட்டர் 0 பக்கம் ஆடும்படி வையுங்கள். ஃபேடர் 0 குறியின் அருகில் இருக்கட்டும். ஃபேடர் பாதிக்குக் கீழேயே இருந்தால் கெயின் அதிகம் என்று அர்த்தம்.

மைக்கிலிருந்து வாய் 5 சென்டிமீட்டரில் இருப்பதற்கும் 20 சென்டிமீட்டரில் இருப்பதற்கும் சுமார் 12 டெசிபல் வித்தியாசம். எந்த ஸ்பீக்கர் வாடகைக்கு எடுத்தாலும் இவ்வளவு கிடைக்காது. உதடு மைக்கின் கிரில்லை (முன்பக்கக் கம்பி வலை) தொட்டும் தொடாமலும் பாடட்டும். அதேபோல், திறந்திருக்கும் மைக் எண்ணிக்கை இரட்டித்தால் கூவலுக்கு முன் கிடைக்கும் சத்தம் 3 டெசிபல் குறையும். கோரஸில் மட்டும் பாடுபவரின் மைக் பாட்டு முழுக்கத் திறந்து கிடக்க வேண்டியதில்லை, பாடாத இடத்தில் மூடுங்கள்.

மெயின் ஸ்பீக்கர் இரண்டும் பாடகர் நிற்கும் கோட்டுக்கு ஒரு மீட்டராவது முன்னால். ட்வீட்டர், நிற்கும் கூட்டத்தின் தலைக்கு மேலே, தரையிலிருந்து 2 மீட்டர். பக்கச் சுவரைப் பார்க்காமல் சற்று உள்நோக்கித் திருப்புங்கள். ஸ்டீரியோ வேண்டாம், இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே ஒலி வரும்படி மோனோவில் ஓட்டுங்கள். அப்போது ஈக்யூவின் ஒரு பக்கம் மெயினுக்கு, மறு பக்கம் மானிட்டருக்கு என்று சரியாகப் பங்கிடலாம்.

கிக் மைக் அன்றைக்குப் பெட்டியிலேயே இருக்கலாம்.

—

கம்பிச்சுருள்:

கிக் மைக் விஷயத்துல நான் ஒத்துக்க மாட்டேன். பின்னாடி நிக்கிறவங்களுக்கும் கிக்கோட அடி கொஞ்சம் தெரியணும். கொஞ்சமா, 60 ஹெர்ட்ஸ் பக்கம் தெரியுற அளவுக்கு மட்டும் திறந்து வைங்க. 12 அங்குல ஸ்பீக்கர்ல அதுக்கு மேல கேட்டா குரல்தான் கலங்கும்.

மத்தபடி அவர் விட்டது மானிட்டர் வைக்கிற கோணம். கூவலுக்கு முக்கால்வாசிக் காரணம் இதுதான். எஸ்எம்58 கார்டியாய்டு, அதாவது முன்பக்கத்தை நல்லா வாங்குற வகை, அதோட செவிட்டுப் பக்கம் நேர் பின்னால, 180 டிகிரில. மானிட்டர் பாடகருக்கு நேர் எதிரே, மைக்கோட வால் மானிட்டரைப் பாக்கணும். பீட்டா 58ஏ சூப்பர்கார்டியாய்டு. அதுக்குப் பின்பக்கமும் கொஞ்சம் காது உண்டு. செவிட்டுப் பக்கம் ஏறத்தாழ 125 டிகிரில, ரெண்டு ஓரத்துலயும் இருக்கு. அதனால அந்த மைக்குக்கு மானிட்டரை நேரா வைக்காம ஓரமா தள்ளி வைங்க. ரெண்டையும் ஒரே மாதிரி வெச்சா ஒண்ணு சும்மா இருக்கும், ஒண்ணு கத்தும், மைக் கெட்டுப்போச்சுன்னு நினைப்பீங்க.

பாடகர் கிரில்லைக் கையால பொத்திப் பிடிச்சா மைக்கோட திசைக்குணமே போயிடும், எல்லாப் பக்கமும் கேக்க ஆரம்பிச்சிடும். ஸ்டைலுக்குப் பிடிக்கிறவங்ககிட்ட முன்னாடியே சொல்லிடுங்க.

கூவலை வெட்டுற முறை:

மேடையில யாரும் வாசிக்கக் கூடாது, மைக் எல்லாம் அதனதன் இடத்துல இருக்கணும். மிக்ஸர்லேர்ந்து மானிட்டருக்குப் போற அளவை மெதுவா ஏத்துங்க. முதல்ல மெல்லிசா ஒரு ரீங்காரம் வரும். அங்கேயே நிறுத்தி, ஈக்யூல எந்தப் பட்டைன்னு கண்டுபிடிச்சு 3 டெசிபல் இறக்குங்க. ‘ஊ’ன்னு ஊளையிட்டா 250 முதல் 500, விசில் மாதிரி கீச்சுன்னா 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸ்ல தேடுங்க. திரும்ப ஏத்துங்க, அடுத்தது வரும். நாலஞ்சு பட்டையோட நிறுத்திடணும். அதுக்கு மேல வெட்டினா பக்கத்துப் பட்டைகள்ல புதுசு புதுசா கிளம்பும், குரல் கம்பளிக்குள்ளிருந்து பேசுற மாதிரி ஆயிடும், பாடகர் இன்னும் சத்தம் கேப்பார். கடைசியா, கூவ ஆரம்பிக்கிற இடத்துலேர்ந்து 6 டெசிபல் இறக்கி அதுதான் உச்சம்னு டேப் ஒட்டி வைங்க. பிறகு மெயினுக்கும் இதே வேலை.

மானிட்டர்ல குரலும், தேவைன்னா கீபோர்டும் மட்டும். கிட்டார் கேட்டா குடுக்காதீங்க, ஆம்ப் பக்கத்துலயே இருக்கு.

—

மேடைக்குப்பின்:

சவுண்ட் செக் வரிசை பற்றி யாரும் சொல்லவில்லை. கடைசியாக வாசிக்கும் பேண்ட் முதலில் செக் பண்ண வேண்டும், முதலில் வாசிக்கும் பேண்ட் கடைசியில். அப்போதுதான் கதவு திறக்கும்போது மேடையில் முதல் பேண்டின் அமைப்பு அப்படியே நிற்கும், அவர்கள் ஏறி வாசிக்க வேண்டியதுதான். கடைசி பேண்டுக்கு 45 நிமிடம் (ஹாலின் ஓசையைப் பிடிப்பதும் இதில்தான்), நடு பேண்டுக்கு 30, முதல் பேண்டுக்கு 20. கதவு திறப்பதற்கு 30 நிமிடம் முன்பே எல்லாம் முடிய வேண்டும் என்று கணக்கு வைத்து, பின்னோக்கி எண்ணி நேரம் சொல்லுங்கள். ஒவ்வொரு செக் முடிந்ததும் மிக்ஸரை ஃபோனில் நேர் மேலிருந்து படம் எடுங்கள். சாய்வாக எடுத்த படத்தில் குமிழின் கோடு எங்கே நிற்கிறது என்று பிறகு தெரியாது. ஸ்டாண்டு, ஆம்ப் நின்ற இடங்களுக்குத் தரையில் பேண்டுக்கு ஒரு நிறமாக டேப்.

டிரம் கிட்டும் பேஸ் ஆம்பும் பொதுவில் ஒன்றே ஒன்று. டிரம்மர்கள் ஸ்னேர், சிம்பல், கிக் பெடல், வேண்டுமானால் ஸ்டூல் மட்டும் கொண்டுவரட்டும். கிட்டையே மாற்றினால் 15 நிமிட இடைவெளி 40 ஆகும். கடைசி பேண்ட் காலி மேடையில் சாமான் அடுக்கிக்கொண்டிருக்கும்போது கூட்டம் கடைசி பஸ்ஸை நினைத்துக் கிளம்பிவிடும். இறங்கும் டிரம்மர் சிம்பலை மேடையிலேயே நின்று கழற்றிப் பையில் போடக் கூடாது. ஸ்டாண்டோடு தூக்கிக்கொண்டு இறங்கி, கீழே வைத்துக் கழற்றட்டும். கேட்கச் சின்ன விஷயம், ஆனால் நேரம் தின்பதில் இதுதான் முதலிடம்.

சேனல் பட்டியலை மூன்று பேண்டுக்கும் பொதுவாக எழுதுங்கள்: 1 கிக், 2 கீபோர்டு, 3 முதன்மைக் குரல், 4, 5, 6 பின்குரல்கள். ஒரு பேண்டில் கீபோர்டு இல்லையென்றால் 2 காலியாக இருக்கட்டும், மற்றவற்றை நகர்த்தாதீர்கள். பேஸ் இந்த ஹாலில் ஆம்பிலிருந்தே போதும், டிஐயைக் கீபோர்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். பீட்டா முதன்மைக் குரலுக்கு.

மேடை ஓரத்தில் ஒரு பெட்டி: எக்ஸ்எல்ஆர் (மைக்) கேபிள் 2, கிட்டார் கேபிள் 2, கிட்டார் தந்தி ஒரு செட், 9 வோல்ட் பேட்டரி 2, ஆம்ப் ஃபியூஸ், டிரம் சாவி, துணி டேப். மூன்று பேண்டும் வந்தவுடன் பெடல்களின் அடாப்டரை ஒரு தரம் பார்க்கச் சொல்லுங்கள். பாதிச் சிக்கல் அங்கேதான் இருக்கும்.

நுழைவுப் பணத்தை எப்படிப் பிரிப்பது என்பதை ஷோவுக்கு முன்பே எழுதி மூன்று பேண்டுக்கும் அனுப்பிவிடுங்கள். முதலில் எந்தச் செலவு கழியும், மிச்சம் சமபங்கா, விருந்தினர் பட்டியலில் பேண்டுக்கு எத்தனை பேர். இது மூன்றும் அதில் இருந்தால் போதும்.

—

நாலாவது_தந்தி:

நன்றி, நிறையத் தெளிந்தது. இன்னும் இரண்டு. ஒரு பேண்ட் லேப்டாப்பிலிருந்து சின்த் வாசிக்கிறது, மிக்ஸரில் சொருகினால் ‘ம்ம்’ என்று இரைச்சல். இன்னொன்று, மிக்ஸரிலிருந்து நேராகப் பதிவு செய்தால் போதுமா?

—

சிக்னல்_சங்கரன்:

முதலில் லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் சார்ஜர் வழியாகத்தான் வருகிறது. பேட்டரி தாங்கும் என்றால் சார்ஜர் இல்லாமலே வாசிக்கட்டும். தாங்காது என்றால் டிரான்ஸ்ஃபார்மர் உள்ள பாசிவ் டிஐ வழியாகக் கொடுத்து அதில் சிக்னல் கேபிளின் எர்த் தொடர்பைத் துண்டிக்கும் கிரவுண்ட் லிஃப்ட் பட்டனைத் தட்டுங்கள். ஒரு டிஐதான் இருக்கிறது என்றால், லேப்டாப்புக்குத்தான் அது. கீபோர்டை நேராக லைன் இன்புட்டில் கொடுத்தாலும் சமாளிக்கும், கேபிள் நீளமாகாமல் இருந்தால் சரி. மேடைக்கும் மிக்ஸருக்கும் ஒரே மின் இணைப்பிலிருந்து கரண்ட் எடுத்தால் பாதி இரைச்சல் வராமலே போகும், லோடு தாங்குமா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிளக்கின் எர்த் முள்ளை உடைக்கும் வைத்தியத்தை யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஆம்பில் கசிவு இருந்தால் அந்தக் கரண்ட் கிட்டார் தந்தி வழியாக விரலுக்கும், அங்கிருந்து மைக் கிரில்லைத் தொடும் உதட்டுக்கும் வரும். உயிர் போகும்.

கிட்டாரில் வரும் இரைச்சல், வாசிப்பவர் உடம்பைத் திருப்பும்போது கூடிக் குறைந்தால் அது எர்த் சிக்கல் இல்லை. கிட்டாரின் சிங்கிள் காயில் பிக்கப் (தந்தி அதிர்வை வாங்கும் ஒற்றைச் சுருள்) பெரும்பாலும் விளக்கு டிம்மரிலிருந்து வாங்கிக்கொள்கிறது. விளக்கை முழுதாகப் போடுங்கள், இல்லை அணையுங்கள்.

பதிவு: மிக்ஸர் அவுட்டில் குரலும் சின்த்தும் பெரிதாக, டிரம்ஸ் எங்கோ பக்கத்து வீட்டில் மாதிரி, கிட்டார் கேட்கவே கேட்காது. ஏனென்றால் அவை மிக்ஸருக்குள் வரவே இல்லை. ஆகவே மிக்ஸர் பக்கத்தில் தலைக்கு மேலே ஒரு கையடக்க ரெக்கார்டர், அது தனி. மிக்ஸர் அவுட் இன்னொன்றில். பதிவு மீட்டரில் உச்சம் -12 டெசிபலைத் தாண்டாதபடி இரண்டையும் வையுங்கள், ஷோவில் எல்லோரும் ஒத்திகையைவிடச் சத்தமாகத்தான் வாசிப்பார்கள். சேர்க்கும்போது ரெக்கார்டர் பதிவு பிந்தி இருக்கும். ஸ்பீக்கரிலிருந்து 7 மீட்டர் என்றால் சுமார் 20 மில்லிசெகண்டு. குரல் மைக்கில் ஒரு கைத்தட்டு கொடுத்தால் இரண்டு பதிவிலும் முனை தெரியும், அதை வைத்து நகர்த்துங்கள். இரண்டு கருவியின் கடிகாரமும் ஒன்றாக ஓடாது, எனவே மொத்த ஷோவையும் ஒரே தடவை பொருத்தாமல் பாட்டுக்குப் பாட்டு பொருத்துங்கள்.

—

கம்பிச்சுருள்:

ஒண்ணு சேத்துக்கோங்க. காலி ஹால்ல செக் பண்ணும்போது டைல்ஸ் எதிரொலியில எல்லாம் பளிச்னு கேக்கும். ஆள் நிரம்பினா உடம்பும் துணியும் மேல் ஓசையைக் குடிச்சிடும், கூட்டத்தோட பேச்சுச் சத்தமும் சேரும். முதல் பாட்டுல குரலுக்கு 2, 3 டெசிபல் ஏத்த இடம் விட்டு வைங்க. குரல் பத்தலைன்னா மத்ததை இறக்குங்க. உலக சுகாதார நிறுவனம் 2022ல வெளியிட்ட அளவு, 15 நிமிட சராசரி 100 டெசிபலுக்கு மேல போகக் கூடாதுங்கறது. ஃபோன் செயலி துல்லியமா காட்டாது, ஆனா 105ன்னு காட்டினா நம்பி இறக்கலாம். நுழைவாயில்ல நுரை காதடைப்பான் ஒரு டப்பா வைங்க, முக்கியமா டிரம்ஸ் பக்கம் நிக்கப்போறவங்களுக்கு.

முடிஞ்சதும் அணைக்கிறப்போ ஸ்பீக்கர் முதல்ல, மிக்ஸர் கடைசில. போடுறப்போ தலைகீழ். மாத்திப் பண்ணினா ‘டப்’னு ஒரு அடி விழும், ட்வீட்டர் காலி.