பொருள்: ஒலிபெருக்கியை ஒலிபெருக்கியில் பொருத்துவது எப்படி? (வியாழன் மாலை அச்சு)

குன்னூர்:
குழுவினருக்கு வணக்கம். தொழிற்பயிற்சி வகுப்புக்கு இரண்டு பக்கக் கையேடு ஒன்று தயாராகிறது. வீட்டில் வைக்கும் சிறிய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர் பற்றியது. வரைவின் மூன்றாம் வரி இப்படி வந்து நிற்கிறது: 'ஒலிபெருக்கியை அணைத்துவிட்டு, ஒலிபெருக்கியின் சிவப்புக் கம்பியை ஒலிபெருக்கியின் சிவப்பு முனையில் பொருத்தவும்.' ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர், திருவிழா மைக்செட் எல்லாவற்றுக்கும் ஒரே சொல்லை ஓட்டிக்கொண்டிருக்கிறோம். பின்பக்கத்து டிஜிட்டல் துளைகளுக்கும் பெயர் வேண்டும். வியாழன் மாலைக்குள் சொல்லுங்கள்.

கோத்தகிரி:
பாடநூலில் டிரான்சிஸ்டர் 'பெருக்கி'தானே? ஆம்ப்ளிஃபயருக்கு அதை வையுங்கள். ஒலிபெருக்கியை ஸ்பீக்கருக்கு விட்டுவிடலாம், ஊர் அப்படித்தான் சொல்கிறது.

உதகை:
ஊர் சொன்னாலும் ஸ்பீக்கர் எதையும் பெருக்குவதில்லை. உள்ளே போகும் மின்திறனில் நூற்றில் ஒரு பங்கு அளவுதான் ஒலியாக வெளிவரும், மிச்சமெல்லாம் சுருளில் சூடு. அத்தனையையும் தின்பதற்குப் பெருக்கி என்று பட்டமா? ஆம்ப்ளிஃபயரும் ஒலியைத் தொடுவதில்லை, மின்குறியைத்தான் பெருக்குகிறது. 'ஒலியைப் பெருக்குவது' என்று இரண்டாம் வேற்றுமை விரித்தால் இரண்டில் எதற்கும் பொருந்தாது. வெறும் 'பெருக்கி' என்றாலோ விளக்குமாறு நினைவுக்கு வருகிறது. ஆம்ப்ளிஃபயர் மிகைப்பி, ஸ்பீக்கர் ஒலிப்பி. இது என் முடிவு.

கொடைக்கானல்:
ஐயா, மிகைபடக் கூறல் நன்னூலார் சொன்ன பத்துக் குற்றங்களில் ஒன்று. வால்யூமை முழுக்கத் திருகி, அலையின் முகடு வெட்டுப்பட்டுக் கரகரக்கும்போது வேண்டுமானால் மிகைப்பி என்று திட்டலாம்.

ஸ்பீக்கருக்குப் பழைய சொல்லே இருக்கிறது. 'குளப்புவழி யன்ன கவடுபடு பத்தல்' என்கிறது பொருநராற்றுப்படை. யாழில் ஒலியை எடுத்துக்கொடுக்கும் குடம்தானே பத்தல்? 'இடப் பத்தல், வலப் பத்தல்' என்று எழுதிப் பாருங்கள், குறுகி அழகாக நிற்கும்.

உதகை:
அழகுதான். ஆனால் பத்தல் நரம்பின் அதிர்வைக் காற்றுக்கு நன்றாகக் கடத்துகிறதே தவிர, தானாக அதிர்வதில்லை. ஸ்பீக்கரின் மரப்பெட்டிக்கு மட்டும் அதைத் தரலாம். உள்ளே அதிரும் கூம்புக்குத் தர முடியாது.

குன்னூர்:
யாழைக் கொஞ்சம் கீழே வையுங்கள். மாணவர்கள் தடுமாறும் இடம் பின்பக்கத் துளைகள். ஒலியை ஒளியாக அனுப்பும் ஆப்டிக்கல் துளைக்கு 'ஒளிவழி' என்று போட்டு எழுதிய பத்தி இது, சரிபார்க்கவும்:

'ஒளிவழிக் கம்பியின் இரு நுனியிலும் உள்ள சிறு பிளாஸ்டிக் மூடியைக் கழற்றவும். கழற்றாமல் அழுத்தினால் துளையின் கதவு உடையும். டிவி பக்கத்து நுனியைச் செருகி டிவியைப் போட்டால் மறுநுனியில் சிவப்பு ஒளி தெரிய வேண்டும். தெரிந்த பிறகு ஆம்ப்ளிஃபயர் பெட்டியில் செருகவும். உள்ளிருப்பது ஏறத்தாழ 1 மி.மீ. பருமனுள்ள பிளாஸ்டிக் இழை. மேசை விளிம்பில் மடித்துச் சொருகினால் ஒளி கசியும். ஒளி வந்தும் சத்தம் இல்லையென்றால் டிவியின் ஒலி அமைப்பில் டால்பி (சுருக்கிக் கட்டிய ஒலி) அல்லது ஆட்டோ இருக்கும். அதை பிசிஎம் (சுருக்காத டிஜிட்டல் ஒலி) என்று மாற்றவும். இரு தடப் பெட்டிகள் பெரும்பாலும் டால்பியைப் பிரித்துப் படிக்காது.'

கோத்தகிரி:
பத்தி சரி. ஆனால் 'ஒளிவழிக் கம்பி' என்பதில் கம்பி இடிக்கிறது. உலோகமே இல்லாததைக் கம்பி என்பானேன்? 'ஒளியிழை' போதும். பல டிவிகளில் இந்த வழியே போகும் ஒலியை டிவி ரிமோட் கூட்டிக் குறைக்காது என்பதையும் சேருங்கள். புகாரில் பாதி அதுதான்.

இன்னொரு டிஜிட்டல் துளையான கோஆக்சியலுக்கு 'ஓரச்சு'.

கொடைக்கானல்:
ஓரத்தில் இருக்கும் அச்சா?

கோத்தகிரி:
ஓரம் என்றால் ஓரவச்சு என்று புணரும். இது ஓர் + அச்சு. நடுக்கம்பியும் அதைச் சுற்றிய வலையும் ஒரே அச்சில் இருப்பதால். 'இணையச்சு' என்றால்தான் ஆபத்து, வலைத்தளத்தை அச்சடிக்கிறார்கள் என்று படிப்பார்கள்.

குன்னூர்:
புணர்ச்சி விதி தெரிந்தால்தான் கம்பி செருகலாம் என்றால் வகுப்பு காலியாகிவிடும். 'ஆரஞ்சு வளையத் துளை' என்று எழுதப்போகிறேன். பெட்டியில் நிறமாகவே இருக்கிறது. சிவப்பு வெள்ளைத் துளைகளும் அதே வடிவம் என்பதால் சிடி பிளேயரின் அனலாக் கம்பியை இதில் செருகிவிட்டுச் சத்தமில்லை என்கிறார்கள். இதற்கு 75 ஓம் கம்பி முறை. ஒரு மீட்டருக்குள் என்றால் பழைய மஞ்சள் வீடியோ கம்பியே போதும்.

உதகை:
'டிஜிட்டல்' என்று அப்படியே விடப்போகிறீர்களா? 'எண்ணிம' இருக்கிறது, 'இலக்கமுறை' இருக்கிறது. மூலத்தைப் பார்த்தால் இலத்தீனில் விரல். விரல்விட்டு எண்ணியதால் வந்த சொல். ஆகவே 'விரலி உள்ளீடு'...

கொடைக்கானல்:
விரலி என்றால் மஞ்சள். பென்டிரைவையும் சிலர் விரலி என்கிறார்கள், அதைச் செருகும் துளை வேறு பக்கத்திலேயே இருக்கிறது. கடன்சொல்லே போதும், 'வடவெழுத் தொரீஇ', அதாவது வடவெழுத்தை நீக்கி எடுத்துக்கொள்ளலாம் என்று தொல்காப்பியர் வழிவிட்டிருக்கிறார்.

உதகை:
ஒரீஇப் பாருங்களேன்! ஜகரம் போய் டிசிட்டல். டகரம் மொழிமுதல் ஆகாது, ஆக 'இடிசிட்டல்'.

கோத்தகிரி:
இடி என்றதும் ஒன்று: ஐப்பசி இடிக்கு இந்தக் கையேட்டில் ஒரு வரியும் இல்லையே. கூரை டிஷ்ஷிலிருந்து வரும் கம்பி செட்டாப் பெட்டி வழியாக ஆம்ப்ளிஃபயரின் உலோக உடலோடு சேர்கிறது. இரண்டு எர்த் சேர்ந்தால் 50 ஹெர்ட்ஸ் முனகல். அருகில் மின்னல் விழுந்தால் அதே வழியில் அதிர்ச்சி மின்சாரம். ஒளியிழையில் இரண்டுக்கும் பாதை இல்லை. ஆனாலும் சுவர்ப் பிளக்கைப் பிடுங்க வேண்டும், அது தனி வழி. மூடுபனிக்குப் பயந்து பெட்டிமேல் துணி போர்த்துவதையும் தடுங்கள். காற்றுத்துளை அடைபட்டுச் சூட்டில் அணைந்துவிடும்.

கொடைக்கானல்:
சேர்க்க வேண்டியதுதான். சொல்லுக்கு வருகிறேன்: எங்கள் மலையின் எஃப்எம் வானொலி 100.5ஐப் பண்பலை என்கிறோம். பண்பேற்றத்திலிருந்து (மாடுலேஷன்) வந்த பண்பு + அலை. கேட்பவர்களில் பலர் பண் இருப்பதால் பண்பலை என்று பிரிக்கிறார்கள். தப்பாகப் பிரித்தும் நிலைத்துவிட்டது. 'பெருக்கி'யும் அப்படி நிற்கட்டும்.

குன்னூர்:
அச்சகம் காத்திருக்கிறது. பெருக்கி, ஸ்பீக்கர், ஒளியிழைத் துளை, ஆரஞ்சுத் துளை, டிஜிட்டல். மூன்றாம் வரி இப்போது: 'பெருக்கியை அணைத்து, கம்பி நுனியில் 10 மி.மீ. உறை சீவி, இழைகளை முறுக்கி, ஸ்பீக்கரின் சிவப்பைப் பெருக்கியின் சிவப்பில் பொருத்தவும். ஓர் இழை பிரிந்து கருப்பு முனையைத் தொட்டாலும் பெருக்கி தானே அணையும், அல்லது கருகும்.'

கோத்தகிரி:
சம்மதம்.

கொடைக்கானல்:
சம்மதம். பத்தலை அடுத்த பதிப்பில் கேட்பேன்.

உதகை:
எனக்குச் சம்மதமில்லை, பதிவு செய்துகொள்ளுங்கள். 'துளை' என்று எழுதியிருக்கிறீர்கள். ஸ்பீக்கர் பெட்டியில் காற்றுப் போகவும் ஒரு துளை இருக்கிறது. யாராவது அதில் கம்பியைச் செருகுவார்கள்.