செருப்புக்குள் ஏறிய ஆணி

தஞ்சாவூர் உறுப்பினர்:

என் தந்தையாருக்கு 18 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உண்டு. சென்ற ஆடியில் ஒரு மாலை, கடைத்தெருவிலிருந்து திரும்பி அவர் செருப்பைக் கழற்றியபோது திண்ணையில் இரத்தத் தடம் பதிந்ததைக் கண்டு அலறியது நான்தான், அவரோ, "எங்கிருந்தம்மா வருகிறது இது?" என்று என்னையே கேட்டார். பலகை ஆணி ஒன்று செருப்பைத் துளைத்துப் பெருவிரலுக்குக் கீழே ஏறியிருக்க, நோயால் பாதம் மரத்துப்போனதில் அதை உணராமலேயே நடந்து வந்திருக்கிறார். வலி இல்லாததால் மஞ்சளைக் குழைத்துப் பூசிக்கொண்டு மறுநாளும் நடைப்பயிற்சிக்குப் போனார். ஒன்பதாம் நாள் விரல் கருஞ்சிவப்பாக வீங்கி நாற்றம் எடுத்த பிறகே மருத்துவரிடம் சென்றோம்.

மருத்துவர் புண்ணைத் தொடுவதற்கு முன் பாதத்தில் நாடி பிடித்துப் பார்த்தார். கணுக்காலின் இரத்த அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தோடு ஒப்பிட்டார். இரத்த ஓட்டம் இல்லாத காலில் எந்த மருந்தும் பலிக்காதாம். பின்னர் மழுங்கிய உலோகக் கம்பியைப் புண்ணுக்குள் மெல்ல விட்டு, எலும்பு தட்டுப்படுகிறதா என்று பார்த்தார். நல்லவேளையாகத் தட்டுப்படவில்லை.

சீழை வெளியேற்றி, செத்த தசையை வெட்டியெடுத்து, ஆன்டிபயாடிக் கொடுத்ததில் தொற்று அடங்கியது. புண் மட்டும் மூன்று வாரமாகியும் சுருங்கவில்லை. கழிவறைக்குத்தானே, வாசலுக்குத்தானே என்று அப்பா அதே காலை ஊன்றி நடந்ததே காரணம். முழங்கால் வரை மாவுக்கட்டுப் போட்டு, உடல் எடை ஓரிடத்தில் அழுந்தாமல் பரவச் செய்த பிறகுதான் ஏழு வாரத்தில் புண் மூடியது. எலும்பே முறியாதவருக்கு மாவுக்கட்டு எதற்கு என்று கேட்காத உறவினர் இல்லை.

வேலூர் உறுப்பினர்:

சகோதரி, அந்தக் கட்டுக்கு எங்கள் ஊரோடு தொடர்புண்டு. 1946இல் இங்குள்ள கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளரின் பாதம் புண்ணாவது உணர்வற்ற இடத்தில் மீண்டும் மீண்டும் விழும் அழுத்தத்தால்தான் என்று கண்டு, மாவுக்கட்டாலும் மென்மையான ரப்பர் செருப்பாலும் அதை ஆற்றினார். என்னைப் போன்ற சர்க்கரை நோயாளிகள் அணியும் எம்.சி.ஆர். (நுண்துளை ரப்பர்) செருப்பும் அவ்வழி வந்ததே.

என் கதை வேறு. குதிகாலில் இருந்த காய்ப்பை ஆண்டுக்கணக்காக நானே பிளேடால் சீவி வந்தேன். ஒருமுறை செவிலியர் அதை முறையாகச் சீவியபோது அடியில் ஒரு ரூபாய் அளவுக்குப் புண் இருந்தது. கண்ணை மூடச் சொல்லி, 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையால் பாதத்தில் அங்கங்கே தொட்டார். பாதி இடங்களில் தொட்டதே எனக்குத் தெரியவில்லை. வெந்நீரில் கால் வைக்கும் பழக்கத்தை அன்றே விட்டேன்.

தஞ்சாவூர் உறுப்பினர்:

நன்றி ஐயா. ஆறிய புண் பத்தில் நால்வருக்கு ஓராண்டுக்குள் திரும்ப வரும் என்று எங்களை எச்சரித்திருக்கிறார்கள். ஆகையால் அப்பா இரவில் முகச்சவரக் கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பார்க்கிறார், விரலிடுக்கை ஈரமின்றித் துடைக்கிறார், காலையில் செருப்பைக் கவிழ்த்துத் தட்டிய பின்பே காலை நுழைக்கிறார். நேற்று அதிலிருந்து ஒரு புளியங்கொட்டை விழுந்தது.