கத்திரியில் பத்து நாள் வேலூர் லைன்: சட்டை நனையாமல் மீட்டிங் போவது எப்படி?

நொய்யல்கரை:
வணக்கம். கோவையில் பம்ப் கம்பெனி ஒன்றில் சேல்ஸில் சேர்ந்து ஆறு மாதம் ஆகிறது. மே 11 முதல் பத்து நாள் வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி லைன் போட்டிருக்கிறார்கள். முழுக்க பஸ்தான். தோல் தொழிற்சாலைகளில் பர்ச்சேஸ் மேனேஜர்களைப் பார்க்க வேண்டும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் வளர்ந்த உடம்பு எனக்கு. போன மாதம் ஒரே ஒரு நாள் ஈரோடு போனேன். வெளிர்நீலச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டு, எதிரே உட்காரவே கூச்சமாகிவிட்டது. ஷூ, இன் பண்ணுவது கட்டாயம். எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

பாலாற்றுமணல்:
தம்பி, அந்த லைனில் பத்தொன்பது வருடம் தோல் கெமிக்கல் விற்றவன் நான்.

முதலில் அந்த வெளிர்நீலத்தை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். சாம்பல் நிறமும் வேண்டாம். சொட்டு ஈரம் பட்டாலும் பட்டை பட்டையாகத் தெரியும். வெள்ளை, இல்லையென்றால் பொடிக்கட்டம் போட்ட காட்டன். உள்ளே கை வைத்த பனியன் அவசியம். இந்த வெயிலில் இன்னொரு துணியா என்று தோன்றும். ஆனால் அக்குள் வியர்வையைச் சட்டைக்கு விடாமல் வாங்கிக்கொள்வது அதுதான்.

மத்தியானம் வேலூரிலிருந்து ஆம்பூர் பக்கம் போனால் இடப்பக்க சீட் பிடியுங்கள். மே மாதம் இங்கே உச்சி வெயிலே கொஞ்சம் வடக்கே சாய்ந்துதான் இருக்கும். மேற்கே போகிற பஸ்ஸில் வலப்பக்கம் முழுக்கக் காயும்.

எல்லாவற்றையும் விட முக்கியம், சொன்ன நேரத்துக்கு இருபது நிமிடம் முன்னால் கேட்டில் இருப்பது. நடையை நிறுத்தினாலும் வியர்வை உடனே நிற்காது. நேரே ஏசி ரூமுக்குள் போனால் கை கொடுக்கும்போதுதான் நெற்றியிலிருந்து வடியும். வாட்ச்மேனிடம் கேட்டு முகம், பிடரி, முழங்கை வரை குழாயில் கழுவுங்கள். நிழலில் பத்து நிமிடம் உட்காருங்கள். அப்புறம் பனியன், சட்டை இரண்டையும் மாற்றுங்கள். மாற்றுச் சட்டையைத் துண்டில் சுருட்டிப் பையில் மேலாக வைத்தால் அவ்வளவாகக் கசங்காது. இத்தனை வருடத்தில் நிழலும் தண்ணீரும் இல்லை என்று எந்த வாட்ச்மேனும் என்னிடம் சொன்னதில்லை.

தண்ணீர் விஷயத்தில் நான் பட்டதையும் சொல்லிவிடுகிறேன். ராணிப்பேட்டையில் ஒரு நாள் காலையிலிருந்து போன இடமெல்லாம் டீதான், தண்ணீர் அரை பாட்டில்கூட உள்ளே போகவில்லை. மூன்று மணிக்கு விலை பேசிக்கொண்டிருக்கும்போது இடது கெண்டைக்கால் கட்டை மாதிரி இழுத்துக்கொண்டது. எழுந்திருக்க முடியவில்லை. எதிரே இருந்த பெரியவர் மேஜையைச் சுற்றி வந்து, என் ஷூவைக் கழற்றி, பாதத்தை முழங்கால் பக்கமாக மடக்கிப் பிடித்தார். அந்தக் கையை இன்றும் மறக்கவில்லை. அதற்குப் பிறகு காலையில் உப்புப் போட்ட கம்பங்கூழ், பையில் ஓ.ஆர்.எஸ். பொட்டலம். ஒரு லிட்டர் பொட்டலத்தை ஒரு லிட்டர் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும், அரை பாட்டிலில் கொட்டாதீர்கள். பிபி, சிறுநீரகப் பிரச்சினை இருந்தால் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கணக்குப்பிள்ளைமகள்:
அண்ணா சொன்னதெல்லாம் சரி. பெண்களுக்கு இன்னொரு கஷ்டம் இருக்கிறது. நான் கிளை கிளையாக ஆடிட் போகிறவள். வழியில் சுத்தமான கழிவறை கிடைக்காது என்று பயந்து தண்ணீரே குடிக்காமல் இருந்தேன். ஒரே கோடையில் இரண்டு முறை நீர்க்கடுப்பு. இப்போது எந்த ஆபீஸுக்குப் போனாலும் உட்காருவதற்கு முன்னால் ரெஸ்ட் ரூம் எங்கே என்று கேட்டுவிடுகிறேன். தங்கைகள் யாரும் இதில் வெட்கப்பட வேண்டாம். உடைக்கு, பாலியஸ்டர் கலந்த புடவையை விட்டு மங்களகிரி காட்டனுக்கு மாறிவிட்டேன். கஞ்சியை லேசாகப் போட்டால் சாயங்காலம் வரை நிற்கும்.

ஒன்று மட்டும் கவனம். தலைசுற்றலோடு பேச்சு குழறி, உடம்பு கொதித்தால் அது வெறும் களைப்பு இல்லை. உடனே 108க்குக் கூப்பிட்டு, வண்டி வரும் வரை உடம்பில் தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும்.

நொய்யல்கரை:
ரொம்ப நன்றி அண்ணா, நன்றி அக்கா. இன்றைக்கே நான்கு பனியன் வாங்கிவிடுகிறேன். ஷூவுக்கு என்ன செய்வது? சாயங்காலம் கழற்றினால் ரூமே தாங்காது.

பாலாற்றுமணல்:
முடிந்தால் இரண்டு ஜோடி, நாள் மாற்றி நாள். ஒன்றுதான் என்றால், லாட்ஜுக்கு வந்ததும் உள்தகட்டை உருவிவிட்டு, பேப்பரைக் கசக்கித் திணித்து ஃபேனுக்குக் கீழே வையுங்கள். படுக்கப் போகும்போது அந்தப் பேப்பரை எடுத்துவிட்டுப் புதிதாகத் திணியுங்கள். காலுறை காட்டன், தினமும் துவைத்தது. வேலூர் வந்ததும் எழுதுங்கள் தம்பி, கூழ்க் கடை எங்கே என்று சொல்கிறேன்.